பாட்டியின் குரல் கம்மினால்...

"முப்பது வருஷமாகக் கழுத்தில் இருக்கிற கட்டிதானேடி! என்னை என்ன செய்துவிட்டது?" என்று கேட்கும் பாட்டி உங்கள் வீட்டில் உண்டா? பெரும்பாலும் பாட்டி சொல்வது சரிதான். கழுத்துக் கழலைகளில் மிகப் பல சாதுவானவை. தைராய்டில் புற்றுநோயே வந்தாலும், அநேகமாக அது அவசரப்படாத ரகமாகத்தான் இருக்கும். 'பாப்பிலரி' என்ற ரகம் நிணநீர் வழியே நகர்ந்து, கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டினாற்போல் தெரியும். 'பாலிக்குலர்' ரத்தத்தோடு போய் நுரையீரலிலோ எலும்பிலோ குடியேறும்.

குடியேறிய இடத்திலும் பிறந்த வீட்டு வழக்கம் போவதில்லை! ரத்தத்திலுள்ள அயோடினை இழுத்துக்கொள்வது தைராய்டின் வழக்கம். நியூயார்க்கில் ஸைட்லின் என்ற டாக்டரிடம் ஒரு நோயாளி வந்தார். தைராய்டை எடுத்துப் பல வருஷம் ஆகியும், அது மிதமிஞ்சிச் சுரப்பவர்களைப் போலவே அவருக்குப் படபடப்பும் இளைப்பும் இருந்தன. பரவியிருந்த புற்று, போன இடத்திலிருந்தே தைராய்டு ரஸத்தைச் சுரந்துகொண்டிருந்தது! 1943-ல் அவருக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார்கள். வழக்கமான ஆகாரம் என்று நம்பிப் புற்று அதைக் குடித்தது, அகப்பட்டுக்கொண்டது. இன்றும் இந்தத் தந்திரத்தால் பிழைப்பவர்கள் பலர்.

'அனாபிளாஸ்டிக்' என்ற ரகத்திடம் மட்டும் இது பலிக்காது. தைராய்டுப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட இது வருவதில்லை. வந்தால் அநேகமாக அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு. பல சமயம் பழைய கழலை உள்ளவர்களுக்கே. இதன் அணுக்கள் பிறந்த வீட்டை அடியோடு மறந்தவை. அயோடினை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ரத்தத்தோடு நுரையீரலுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் ஓடும். அதே சமயம் பக்கத்துச் சுவரையும் இடிக்கும். பக்கத்தில் இருப்பது யார்? மூச்சுக்குழல், அதன் பின்னே உணவுக்குழல், இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில், குரலை ஆட்டிவைக்கும் மெல்லிய நரம்பு. ஆகவே குரல் கம்முகிறது. சோறு தொண்டையில் நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. எல்லாம் சில வாரங்களுக்குள்! ரவிக்கைக் கழுத்து இறுக்குகிறது என்று தையற்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

முன்பெல்லாம் இந்த நோய்க்குச் சில மாதம்தான் கெடு. 2018-ல் அமெரிக்க அரசின் மருந்து இலாகா, டாப்ராஃபெனிப், ட்ராமெடினிப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க அனுமதித்தது. கட்டியில் 'பிராஃப்' என்ற மரபணு ஒரு குறிப்பிட்ட விதமாக மாறியிருந்தால் மட்டுமே இவை உதவும். அதைச் சோதிக்கவும் நாள் வேண்டும். அதற்குள் மூச்சுக்குழல் அடைபடாமல் இருக்கவேண்டும்.

சளியால் கம்மிய குரல் சில நாளில் திறந்துவிடும். திறக்காமல், பழைய கட்டியும் திடீரென்று பெருத்துக் கல்லாக இருந்தால், மிளகுக் கஷாயம் போட்டுப் பார்க்கலாம், பேத்தியின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். அந்த வாரமே தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போய், குரல் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தை ஸ்கான் எடுத்து, கட்டியிலிருந்து ஒரு துணுக்கைச் சோதனைக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள். மூச்சு இழுத்தால் வாரம் கூடக் காத்திருக்கவேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்கு. "ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னால், வழியெல்லாம் பாட்டி உங்களைத் திட்டிக்கொண்டு வரட்டுமே!