வெண்மணிக்குப் படம், சிவகாசிக்கு?

1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 ஏழை ஜனங்கள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதாரர்களை 1973-ல் ஹைக்கோர்ட்டு விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் நடந்து போய்த் தீ வைப்பார்களா என்று சந்தேகம் பிறந்ததாம்! கோர்ட்டு கைகழுவிய அவ்விவகாரத்தை, இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலை ஆதாரமாகக் கொண்டு, 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற படத்தின் மூலம் 1983-ல் ஸ்ரீதர் ராஜன் ஜனங்கள் முன் கொண்டுவந்தார்.

விருதுநகர் ஜில்லாவில் எரிகிறவர்களுக்கு அத்தகைய படம் வேண்டாமா? 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த செய்திப்படம் தொழிலில் உழன்ற சிறுவர்களைக் காட்டிற்று. அதன் பின்னரும் 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 38 பேரும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சன்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோரும் மாண்டார்கள். 'விபத்து' என்றெழுதி முடித்துவிடுகிறோம், பத்திரிகைக்காரர்களாகிய நாமுந்தான். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளோ உள்குத்தகையில் பலர் கைக்குப் போய்விடும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாதென்பது விதி. தீபாவளி நெருங்கினால் மரத்தடியிலுங்கூட வேலை நடக்கும். சோதிக்க வேண்டிய அதிகாரிகள் இதை அறியாதவர்களா?

தொழிலுக்கு அபகீர்த்தி என்று முதலாளிகள் ஆட்சேபிப்பார்கள். தொழில் அழிய வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். படம் பிடிக்க வருகிறவர் வெடியின் ஜொலிப்பைக் காட்டிக் காசு பண்ணாமல், அந்த உள்குத்தகைப் பணம் எந்தெந்தக் கை மாறுகிறது என்பதைக் காட்டட்டும்.