நல்ல அண்டை வீட்டார், ஒரு நிபந்தனையுடன்

பசிபிக் பெருங்கடலில் ஒன்பது தீவுகளைக் கொண்ட குட்டி நாடு துவாலு. மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 11,000. கடல்மட்டம் உயர்ந்துகொண்டே வருவதால், ‘இந்த மண் இன்னும் எத்தனை காலம் தாங்கும்?’ என்பது அங்கே ஒவ்வொரு குடும்பத்தின் கவலை.

2025ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஆஸ்திரேலியா அவர்களுக்காக ஒரு விசா குலுக்கலை நடத்தியது. ஆண்டுக்கு 280 பேருக்கு இடம். குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பதிவு செய்தார்கள். மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கு நிகரான எண்ணிக்கை இது.

பணக்கார நாடு ஒன்று இப்படிக் கதவைத் திறந்தது ஏன்? விடை, 2023 நவம்பரில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ‘ஃபலெபிலி’ உடன்பாட்டில் இருக்கிறது. துவாலு மொழியில் அந்தச் சொல்லுக்கு, நல்ல அண்டை வீட்டாராக ஒருவருக்கொருவர் துணை நிற்பது என்று பொருள்.

இதன்படி துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் வசிக்கலாம், படிக்கலாம், வேலை செய்யலாம். பேரிடர் வந்தாலும் படையெடுப்பு வந்தாலும் ஆஸ்திரேலியா உதவும். கடல்மட்டம் உயர்ந்தாலும் துவாலு ஒரு நாடாகவே நீடிக்கும் என்றும் அது ஒப்புக்கொள்கிறது. பதிலுக்கு ஒரு நிபந்தனை: பாதுகாப்பு, காவல், துறைமுகம், தொலைத்தொடர்பு போன்றவற்றில் வேறொரு நாட்டுடன் துவாலு உடன்பாடு செய்ய வேண்டுமானால், ஆஸ்திரேலியாவும் சம்மதிக்க வேண்டும்.

இந்த அவசரத்தின் வேர் சாலமன் தீவுகளில் இருக்கிறது. அங்கே கலவரம் மூண்டபோது, 2003 முதல் 2017 வரை ஆஸ்திரேலியா தலைமையிலான படையினரும் காவல்துறையினரும் அமைதி காத்தார்கள். அதே சாலமன் தீவுகள் 2022இல் சீனாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தபோது கேன்பரா ஆடிப்போனது. அடுத்த மாதமே ஆட்சி மாறியது. புதிய வெளியுறவு அமைச்சர் பென்னி வோங் பதவியேற்ற அதே வாரத்தில் ஃபிஜிக்குப் பறந்தார். இவர் பிறந்தது நம் கோத்தா கினபாலுவில்.

அதன் பிறகு உடன்பாடுகள் வரிசையாக வந்தன. 2024 டிசம்பரில் நவ்ருவுடன் ஓர் ஒப்பந்தம். அதே மாதம், பாப்புவா நியூ கினி அணி ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் விளையாட 10 ஆண்டுகளில் 600 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். 2025 அக்டோபரில் அந்நாட்டுடன் பரஸ்பர தற்காப்பு ஒப்பந்தம். விளையாட்டுகூட வெளியுறவுக் கொள்கையின் கருவியாகிவிட்டது.

இதில் தீவு நாடுகள் ஏமாந்துவிட்டதாக நினைப்பது தவறு. இரண்டு பெரிய நாடுகள் போட்டியிடும்போது பேரம் பேசும் பலம் சின்ன நாட்டுக்கும் கிடைக்கிறது. 2024இல் துவாலுவில் பிரதமர் மாறினார். புதிய அரசுக்கும் உடன்பாட்டைப் பற்றிக் கேள்விகள் இருந்தன. ஆனாலும் அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இரு தரப்பும் அஞ்சுவது ஒரே விஷயத்துக்கு அல்ல. பருவநிலை மாற்றமே தங்களுக்கு மிகப்பெரிய மிரட்டல் என்று பசிபிக் தலைவர்கள் 2018இல் போ பிரகடனத்தில் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவும் அதில் சேர்ந்துகொண்டது. ஆனால் உலகிலேயே அதிகமாக நிலக்கரியும் எரிவாயுவும் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் அதுவும் ஒன்று. வீட்டுக்குள் தண்ணீர் வருவதில் தனக்கும் பங்குள்ள அண்டை வீட்டார், ‘எங்கள் வீட்டில் வந்து தங்குங்கள். ஆனால் எங்களைக் கேட்காமல் வேறு யாரையும் உள்ளே விடாதீர்கள்’ என்றால் எப்படி இருக்கும்?

நமக்கும் ஆஸ்திரேலியாவுடன் பழைய பிணைப்பு உண்டு. மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவை 1971இல் செய்துகொண்ட ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு, ஆபத்து வந்தால் கூடிக் கலந்து பேசுவதாக மட்டுமே சொல்கிறது. நாம் யாருடன் சேரலாம் என்று முடிவு செய்யும் உரிமையை அது யாரிடமும் கொடுக்கவில்லை. மூழ்கும் அபாயத்தில் இருக்கும் நாட்டுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

ஆண்டுக்கு 280 பேர் என்றால், இப்போதுள்ள துவாலு மக்கள் அனைவரும் இடம்பெயர ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகும். ஆஸ்திரேலியா நல்ல அண்டை வீட்டாரா என்பதை, அந்த 40 ஆண்டுகளில் அது எவ்வளவு நிலக்கரியை மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கிறது என்பதை வைத்துத்தான் துவாலு மக்கள் எடை போடுவார்கள்.