மங்கல் நிலாவுக்கே என் மதிப்பெண்



நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த நிலா வழக்கில் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்கு: ஏற்காடு போன நம் பிள்ளைகள் இருவர், சேர்வராயன் கோயில் திடலில் நின்று ஒரே நிலாவைப் படம் எடுத்தார்கள். ஒருவரிடம் விலை உயர்ந்த புது செல்போன். பள்ளங்கள் எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. இன்னொருவர் பைனாகுலரின் கண்ணாடியில் பழைய செல்போனை ஒட்டிப் பிடித்து எடுத்தார். படம் மங்கல். முதல் படத்துக்கு ஒரே கைதட்டல். இரண்டாவதைப் பார்த்து "தோசைக்கல்லா இது?" என்று கேலி செய்தீர்கள்.

என் மதிப்பெண் அந்தத் தோசைக்கல்லுக்குத்தான்.

2023 மார்ச்சில் ஒருவர் ஒரு சோதனை செய்தார். நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே கலங்கடித்து, கணினித் திரையில் வைத்து, அறையின் மறுகோடியிலிருந்து சாம்சங் போனில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் போன் படத்தில் வந்தன! 'இது நிலா' என்று செயற்கை நுண்ணறிவு அடையாளம் கண்டுகொண்டால் விவரங்களைக் கூட்டிக் காட்டும் என்று அந்த நிறுவனமே பிறகு விளக்கியது. வேண்டாமென்றால் அந்த வசதியை அணைத்துவிடலாம் என்றும் சொன்னது.

நம் பிள்ளையின் படத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அதில் எவ்வளவு அன்றைய நிலா, எவ்வளவு போன் போட்ட ஒட்டு என்று எடுத்தவருக்கே தெரியாது. என் வருத்தம் அதுதான்.

'அழகாக இருந்தால் போதாதா சார்?' என்பீர்கள். சேர்வராயன் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் என்று ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு அங்கே காத்திருந்தார்கள். யுரேனஸ் வருவதற்கு முன்பே விண்மீன் ஒரு கணம் மங்கியது. கருவியில் கோளாறு என்று பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைத் தள்ளிவிடவில்லை. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் கருதினார்கள். விமானத்தில் பறந்து கவனித்த அமெரிக்கக் குழுவின் பதிவும் மற்ற இடங்களின் பதிவுகளும் சேர்ந்தபோது, அது யுரேனஸின் வளையம் என்று தெரிந்தது. எதிர்பார்த்ததை மட்டுமே காட்டும் கருவி அன்று இருந்திருந்தால், அந்த மங்கலைத் துடைத்துவிட்டு 'அழகான' பதிவைக் கொடுத்திருக்கும்.

'வியாழனைப் படமெடுப்பவர்களும் கணினியில்தானே சரிசெய்கிறார்கள்?' என்று 1994 பேட்ச் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அவர்கள் ஓரிரு நிமிடம் வீடியோ எடுக்கிறார்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுவதால் அதற்குமேல் நீட்டினால் விவரம் குழம்பும். காற்று அசையாத கணங்களில் விழுந்த படங்களை மட்டும் பொறுக்கி, ஆயிரக்கணக்கில் அடுக்கிச் சராசரி எடுக்கிறார்கள். அது அரிசியில் கல் பொறுக்குவது போல. அத்தனையும் அன்று லென்சுக்குள் வந்த ஒளி. போன் செய்வதோ பக்கத்து வீட்டு அரிசியைக் கொண்டுவந்து நம் உலையில் போடுவது.

இதற்கு மலை ஏற வேண்டும் என்றும் இல்லை. பால்வீதிக்குத்தான் இருட்டு வேண்டும். நிலாவுக்கும் கோள்களுக்கும் சேலத்து மொட்டை மாடி போதும். அசையாத காற்றுதான் முக்கியம். பகல் சூடு தளத்திலிருந்து இறங்கும்வரை பொறுங்கள். சேர்வராயன் உச்சி ஐயாயிரம் அடிக்கு மேல். அங்கே காற்றுதான் எதிரி. முக்காலியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, இரண்டு விநாடி டைமர் வைத்து எடுங்கள்.

பௌர்ணமியைவிட வளர்பிறை அஷ்டமி நல்லது. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். பொழுது சாயும்போதே அரைநிலா உச்சியில் நிற்பதால் குழந்தைகள் கண்விழிக்க வேண்டாம். திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெறும் வெள்ளைப் பொட்டுதான் வரும். பைனாகுலரை அசையாமல் நிறுத்தினால் வியாழனின் பக்கத்தில் நிலாக்கள் புள்ளிகளாகத் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு.

நம் பேரப்பிள்ளைகள் திரையில் வருவதையெல்லாம் நம்பி வளர்கிறார்கள். 'இது நான் பார்த்தது' என்று உறுதியாகச் சொல்ல அவர்களிடம் ஒரு படமாவது இருக்கட்டும்.

ஆகவே எல்லோருக்கும் வீட்டுப்பாடம்: வரும் வளர்பிறை அஷ்டமியன்று எடுங்கள். தேதி, நேரம், ஊர் எழுதிக் குழுவில் போடுங்கள். மங்கலாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். திருத்த நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்