பாயிண்டரை ஃபைலில் எழுதலாமா?

கணிப்பொறிப் பிரிவில் லிங்க்டு லிஸ்ட் பயிற்சி எப்படி முடியும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஐந்து எண்களைக் கொடுப்போம். திரையில் வரிசையாக வரும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழும். புரோகிராமை மூடுவோம், ஐந்து எண்களும் அதோடு போச்சு! ஃபைல் பயிற்சி வேறொரு நாள், வேறொரு பக்கத்தில். இரண்டையும் சேர்த்து ஒரு பயிற்சி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. இது பெரிய குறை என்பது என் கருத்து. பட்டுத் தெரிந்துகொண்ட கருத்து.

திரேஸ்புரத்தில் என் சித்தப்பா நாலு வள்ளங்களுக்குக் கணக்கு எழுதுகிறார். எந்த வள்ளத்தில் யார் முன்பணம் வாங்கினார், அன்றைய ஏலக் காசில் எவ்வளவு கழிந்தது, எல்லாம் ஒரு நீள நோட்டில். "கம்ப்யூட்டருல போட்டுத் தாரேன் சித்தப்பா" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு சி மொழியில் எழுதினேன். ஆளுக்கு ஒரு நோடு. அதில் பாக்கித் தொகை, பெயருக்கு ஒரு பாயிண்டர், வள்ளத்துக்கு ஒன்று, அடுத்த ஆளுக்கு ஒன்று. சேமிக்கும்போது ஒவ்வொரு நோடையும் எஃப்ரைட் போட்டு அப்படியே ஃபைலில் இறக்கினேன். உடனே திரும்பப் படித்தும் பார்த்தேன், பெயர்கூடப் பிசகவில்லை. மறுநாள் காலையில் திறந்தால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'!

"ஏல, நேத்து எழுதுன கணக்கு எங்கல?"

ஃபைலில் பெயர் இல்லை. பெயர் இருந்த இடத்தின் முகவரிதான் இருந்தது. முந்தின நாள் சரியாக வந்ததற்குக் காரணம், புரோகிராமை மூடாமலே சோதித்தேன். பழைய பெயர்கள் நினைவகத்தில் அதே இடத்தில் கிடந்தன. பாயிண்டர் என்பது "தெக்கேயிருந்து மூணாவதா நிக்கிற வள்ளம்" என்று அடையாளம் சொல்வது மாதிரி. கடலுக்குப் போய்த் திரும்பினால் மூணாவது இடத்தில் வேறு வள்ளம் நிற்கும். அதற்குத்தானே வள்ளத்தில் பதிவு எண் எழுதியிருக்கிறது?

பழைய டர்போ சி-யில் இந்தத் தவறு சில சமயம் வெளியே தெரியாது. அதே வரிசையில் இடம் கேட்டால் அதே முகவரிகளே கிடைத்து, அடுத்த நோடைக் காட்டும் பாயிண்டர் தற்செயலாகச் சரியாகிவிடும். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா முதல், பாதுகாப்புக்காக முகவரிகளை ஒவ்வொரு முறையும் மாற்றி வைக்கிறார்கள். அந்த அதிர்ஷ்டமும் போயிற்று.

வழி என்ன? ஒற்றை வரிசை என்றால் பாயிண்டரை எழுதவே வேண்டாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1987-இல் வெளியிட்ட எக்ஸ்.டி.ஆர். முறையில், ஒவ்வோர் உறுப்புக்கும் முன்னால் 'இன்னும் உண்டு' என்பதற்கு 1, முடிந்தால் 0. அவ்வளவுதான்.

ஆனால் என் கணக்குக்கு இது போதாது. இரண்டு பேர் ஒரே வள்ளத்தில் முன்பணம் வாங்கியிருந்தால், ஆளுக்கு ஆள் வள்ளத்தையும் சேர்த்து எழுதினால் திரும்பப் படிக்கும்போது வள்ளம் இரண்டாகிவிடும்! ஒன்றில் கழித்த பணம் மற்றதில் கழியாது. புரோகிராம் நின்றுபோனாலாவது தெரியும். இது சத்தமில்லாமல் ஒரு கூலிக்காரரின் கடனைத் தப்பாகக் காட்டும். சர்க்குலர் லிஸ்டாக இருந்தாலோ கேட்கவே வேண்டாம், டிஸ்க் நிறையும்வரை எழுதிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு நோடுக்கும் ஓர் எண் கொடுத்து, ஒரு முறை மட்டும் எழுதி, பாயிண்டர் வரும் இடத்தில் அந்த எண்ணைப் போட வேண்டும். 'எதுவும் இல்லை' என்பதற்கு 0. படிக்கும்போது முதல் சுற்றில் எல்லா நோடுகளையும் உருவாக்கி ஓர் அரேயில் வைத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் எண்களை முகவரிகளாக மாற்றலாம். இதை நானாகக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. வகுப்பில் சொன்னால் அரை மணி நேரம்.

ஸ்ட்ரக்சரை மொத்தமாக இறக்குவதும் ஆபத்துதான். ஒரு கேரக்டரும் ஒரு இன்டிஜரும் சேர்ந்தால் இன்றைய கம்பைலர்களில் 5 பைட் அல்ல, பெரும்பாலும் 8. டர்போ சி-யில் இன்டிஜரே 2 பைட்தான். ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியாக எழுதுவதே நல்லது.

செய்முறைத் தேர்வில் ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன். லிஸ்டைத் திரையில் காட்டியதும் மதிப்பெண் போட வேண்டாம். புரோகிராமை மூடச் சொல்லுங்கள். பக்கத்துக் கணிப்பொறியில் அந்த ஃபைலைத் திறந்து அதே லிஸ்டைக் காட்டச் சொல்லுங்கள்.

சித்தப்பா இப்போது புது புரோகிராமைப் பயன்படுத்துகிறார். நீள நோட்டையும் விடவில்லை. தினமும் சாயங்காலம் இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.