கப்பலில் வந்தால்தான் காரா?

"இது இங்கே பொருத்தியதல்ல, அப்படியே கப்பலில் வந்திறங்கியது!"

கல்யாணப் பந்தலின் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கனவான்கள் சிலர் இப்படிச் சொல்லிக் கொள்வதிலே பெருமை காண்கிறார்கள். கோடி ரூபாய் அவர்களுடையது, வாங்கட்டும். நமது வழக்கு அதன்மீதல்ல. அங்கே செய்தது உயர்வு, இங்கே செய்தது மட்டம் என்கிறார்களே, அந்த நினைப்பின்மீதுதான் வழக்கு!

செங்கற்பட்டை அடுத்த மகேந்திரா உலக நகரில், 2007 மார்ச்சில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. எக்ஸ் 1, எக்ஸ் 3, எக்ஸ் 5, எக்ஸ் 7 என்ற சொகுசு எஸ்.யூ.வி.க்கள் அங்கேதான் உருவாகின்றன. உருவாக்குவோர் யார்? ஐ.டி.ஐ.யும் டிப்ளமாவும் படித்த நம் வீட்டுப் பிள்ளைகள்! ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்கமாக முடுக்க வேண்டுமென்று வரைபடம் சொல்கிறதோ, அந்த இறுக்கம் அங்கேயும் ஒன்றுதான், செங்கற்பட்டிலும் ஒன்றுதான். கைக்குச் சீமையேது, சிற்றூரேது?

விலையிலோ வேறுபாடு உண்டு. ரேஞ்ச் ரோவர் வரிசையின் முதன்மை வண்டி, இங்கிலாந்தைத் தவிர வேறெங்கும் உருவாகாதிருந்தது. 2024-ல் புனேயில் பொருத்தப்படுமென்ற அறிவிப்போடு, விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கிற்று. முழு வண்டிக்கு விழும் சுங்கவரி, பாகங்களுக்கு விழுவதில்லை என்பதே காரணம்.

"பாகங்கள் அங்கிருந்துதானே வருகின்றன? வெறும் பொருத்தும் வேலைதானே?" என்பார்கள். முழு உண்மையல்ல, முழுப் பொய்யுமல்ல. உள்நாட்டுப் பாகங்களின் பங்கு 50 விழுக்காடு வரை உயர்ந்ததாக 2015-ல் அந்நிறுவனம் அறிவித்தது. எஞ்சினைக் கோக்கும் வேலைக்கென அதே ஆண்டில் அங்கேயே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆலை எழுந்தது. கேட்டு வாங்குவோர் பெருகினால்தான் இந்தப் பங்கும் பெருகும்.

இப்போது வரிச்சுவர் தாழ்கிறது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி, 100 விழுக்காட்டைத் தாண்டிய கார் வரி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வருபவற்றுக்குப் படிப்படியாக 10 விழுக்காடாகும். 2026 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு முடிந்த பேச்சிலும் இதே போக்குதான். விலையின் ஆதாயம் தேய்ந்தபின், செங்கற்பட்டுப் பிள்ளையின் வேலைக்குக் காவல் எது?

அவன் கைத்திறன் ஒரு காவல். வாங்குவோரின் நேர்மை இன்னொரு காவல்; தரம் ஒன்றாயிருக்க, வெறும் மோகத்துக்காகக் கப்பலைத் தேடாதீர் என்கிறோம். ஆட்சியாளருக்கும் சொல்வோம்: சலுகை பெறும் ஆலை எதுவாயினும், உள்நாட்டுப் பாகங்களையும் நிரந்தர வேலையையும் பெருக்க வேண்டுமென விதி செய்க!

தோழனே, உன்னிடமும் ஒரு சொல். "ஃபாரின் சரக்கு அலாதிதான்" என்று டீக்கடையில் நீயே சொன்னால், உன் கையை நீயே இகழ்ந்தவனாவாய். கப்பலில் வந்ததென்று அவர்கள் பெருமை பேசட்டும். "இது எங்கள் கையில் வந்தது!" என்று நீ நிமிர்ந்து சொல்!