ஆராய்ச்சிப் பத்திரிகைகளைத் தேர்ந்தெடுப்பது யார்?

மத்திய சர்க்கார் 2024 நவம்பர் 25 அன்று ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. “ஒரே நாடு, ஒரே சந்தா” என்பது அதன் பெயர். 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருஷங்களுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை, நாடு முழுவதிலும் 6,300க்கு மேற்பட்ட அரசுக் கல்வி நிலையங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் உள்ளவர்கள் கம்ப்யூட்டரில் படிக்கலாம். காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் நிலையம் இதை நிர்வகிக்கிறது.

இதனால் நன்மை இல்லையா? உண்டு. சென்னை ஐ.ஐ.டி. மாணவனுக்குக் கிடைக்கும் பத்திரிகை, மதுரை ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் படிக்கும் விவசாயத் தொழிலாளியின் மகளுக்கும் கிடைப்பது நல்ல விஷயம். அதை மனமார வரவேற்போம். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியாது. எதை வாங்குவது? என்ன விலைக்கு வாங்குவது? யாருக்காக வாங்குவது? பணம் கொடுப்பவர்கள் மக்கள். ஆகவே பதில் கேட்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு.

பழைய முறை

கல்லூரி நூலகம் பத்திரிகைகளை எப்படித் தேர்ந்தெடுத்து வந்தது? ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். எந்தப் பத்திரிகை கைபட்டு நைந்தது, எது தூசி படிந்து கிடக்கிறது என்பது நூலகருக்குத் தெரியும். நூலகக் கமிட்டி கூடும், பணம் போதாது, விவாதம் நடக்கும், ஒன்றை வெட்டி ஒன்றைச் சேர்ப்பார்கள். இம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. துறைத் தலைவரின் செல்வாக்கு பேசும். மாணவனின் குரல் எட்டாது. ஆயினும் தீர்மானம் படிக்கிறவர்களுக்கு அருகில் இருந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சந்தாவை நிறுத்தினாலும், வாங்கிய இதழ்கள் பைண்டு செய்யப்பட்டு அலமாரியில் இருக்கும். அவை நூலகத்தின் சொத்து.

இன்றோ கம்ப்யூட்டரில் வருவது பெரும்பாலும் வாடகைச் சரக்கு. பணம் நின்றால் கதவு மூடப்படும். பழைய இதழ்கள் கிடைக்குமா என்பதுகூட ஒப்பந்தத்தின் ஷரத்தைப் பொறுத்தது.

கம்பெனிகளின் பிடி

பொன்னி அரிசி விலை ஏறினால் வேறு அரிசி வாங்கலாம். ஆராய்ச்சிப் பத்திரிகையில் அது நடக்காது. ஒரு கட்டுரை ஒரு பத்திரிகையில்தான் வரும். அதற்கு மாற்றுச் சரக்கு கிடையாது. இந்த இடத்தில்தான் ஏகபோகம் கால் ஊன்றியது. 1951இல் ராபர்ட் மாக்ஸ்வெல் பெர்கமான் பதிப்பகத்தைக் கைப்பற்றி, பத்திரிகைக்கு மேல் பத்திரிகையாகப் பெருக்கினார். 1991இல் அது எல்ஸ்வியர் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அக்கம்பெனியின் விஞ்ஞானப் பதிப்புத் தொழிலில் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாபமாகவே நிற்கிறது! கட்டுரையை எழுதும் ஆராய்ச்சியாளருக்குக் கம்பெனி கூலி கொடுப்பதில்லை. அதைப் பரிசீலிக்கும் நிபுணரும் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கிறார். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். பிறகு அதே பல்கலைக்கழகம் அதே கட்டுரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதற்குக் கொள்ளை என்று பெயர் சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

1996இல் அகாடெமிக் பிரஸ் கம்பெனி மூட்டை வியாபாரத்தைத் துவக்கியது. தனித்தனிப் பத்திரிகைக்குப் பதில் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள் என்ற முறை அது. பிற கம்பெனிகளும் இதைப் பிடித்துக்கொண்டன. ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டவரிடம் சோப்பையும் டீத்தூளையும் தலையில் கட்டுவதை நாம் அறிவோம். அதே தந்திரம்தான் இது. இப்பொழுது அந்த மூட்டையைக் கல்லூரிக்குப் பதில் ஒரு தேசமே வாங்குகிறது.

மதுரையின் நிலை

திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிர்வாகத்திலுள்ள நிலையங்களுக்கு மட்டுமே. மதுரையின் பழம்பெரும் கல்லூரிகளான அமெரிக்கன் கல்லூரி (1881), லேடி டோக் (1948), தியாகராசர் (1949) ஆகியவை அரசு உதவி பெறுபவை, நிர்வாகமோ தனியார். அறிவிக்கப்பட்ட வரையறைப்படி அவை வெளியே நிற்கின்றன. அங்கே படிக்கும் தொழிலாளி, விவசாயி வீட்டுப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்?

1966இல் தோன்றிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அண்மை வருஷங்களில் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பணமின்றித் திண்டாடியதை ஊரே அறியும். “எல்லாம் டில்லியே வாங்கிவிட்டதே, இனி நூலகத்துக்குத் தனிப் பணம் எதற்கு?” என்ற வாதம் இப்படிப்பட்ட இடத்தில் சுலபமாக எழும். எழுந்தால் முதலில் வெட்டப்படுவது தமிழ் ஏடுகளும் நம் நாட்டுச் சிறு பத்திரிகைகளும்தான். நா. வானமாமலை 1969இல் பாளையங்கோட்டையிலிருந்து “ஆராய்ச்சி” என்ற ஏட்டைத் துவக்கினார். நாட்டார் வழக்கையும் சமூக வரலாற்றையும் தமிழிலேயே ஆராய்ந்த ஏடு அது. அத்தகைய ஏடு எந்தப் பன்னாட்டுக் கம்பெனியின் மூட்டையில் இருக்கும்?

மதுரையில் 1965 முதல் விவசாயக் கல்லூரி இருக்கிறது. மேலூரிலும் சோழவந்தானிலும் பயிர் செய்கிற விவசாயியின் வயலைப் பற்றிய ஆராய்ச்சி, வெளிநாட்டுக் கம்பெனியின் பூட்டுக்குள் போய் உட்காரலாம். அந்த விவசாயி 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வந்தாலும் அது கிடைக்காது; முதல் கட்டத்தில் பொது நூலகங்களுக்கு இடமில்லை.

எதிர்த்து நிற்க முடியாதா?

முடியும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்ஸ்வியரின் நிபந்தனைகளை ஏற்க மறுத்துச் சந்தாவை நிறுத்தியது. ஆசிரியர் பேரவை அதன் பின்னால் நின்றது. 2021இல் கம்பெனி இறங்கி வந்தது. அப்பல்கலைக்கழகத்தாரின் கட்டுரைகளை உலகமே இலவசமாகப் படிக்க வழி பிறந்தது. ஆனால் இங்கும் ஜாக்கிரதை தேவை. வாசகனிடம் வாங்காத காசை எழுதுகிறவனிடம் கறக்கக் கம்பெனிகள் கற்றுக்கொண்டுவிட்டன. ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ என்று “நேச்சர்” 2020இல் அறிவித்தது. எந்த மதுரை ஆராய்ச்சி மாணவனால் இதைக் கட்ட முடியும்?

இரண்டு பக்கமும் கட்டணமில்லாத பாதை கற்பனையல்ல. விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் 1939இலேயே, கட்டுரைகளைத் தேவையானவர்களுக்கு நேரே சேர்க்கும் பொது ஏற்பாடு வேண்டும் என்று யோசனை கூறினார். பிரேசில் 1990களின் கடைசியில் பொதுப் பணத்தில் “ஸைலோ” என்ற ஏற்பாட்டைத் துவக்கி, தன் பத்திரிகைகளை எவரும் படிக்கத் திறந்துவிட்டது. நம் நாட்டிலேயே, சி.வி. ராமன் 1934இல் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாடெமி தன் பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

1. எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு பணம், என்ன ஷரத்து என்ற விவரம் முழுவதும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

2. உதவி பெறும் கல்லூரிகளும் பொது நூலகங்களும் உடனே சேர்க்கப்பட வேண்டும்.

3. கல்லூரி நூலகக் கமிட்டிகளில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இடம் வேண்டும். எது படிக்கப்படுகிறது, எது படிக்கப்படவில்லை என்ற அவர்களது கணக்கைக் கேட்டே அடுத்த ஒப்பந்தம் செய்யப்பட வேண்டும்.

4. தமிழ் ஏடுகளுக்கும் இந்தியப் பத்திரிகைகளுக்கும் நூலகப் பணத்தில் தனி ஒதுக்கீடு வேண்டும்.

5. பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி எவரும் படிக்கும்படி இலவசமாக வெளியிடப்பட வேண்டும்.

மூன்று வருஷ ஒப்பந்தம் 2027உடன் முடிகிறது. அதன் பிறகு விலை பேசும் மேஜையில் கம்பெனிகள் தயாராக வந்து உட்காரும். அதற்குள் மதுரையின் மாணவர்களும் ஆசிரியர்களும் நூலகர்களும் ஒன்றுகூடித் தங்கள் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் கம்பெனியின் பட்டியல்தான் நம் நூலகங்களை ஆளும்.