அந்தரத்தில் ஒரு ரூம்!

செமஸ்டர் முடிஞ்ச மறுநாள் சேலையூர் கேம்ப் ரோடு ஜங்ஷன் டீக்கடையில நாலு பேர் கூடினா என்ன பேச்சு ஓடும்? 'எங்கயாவது போலாம் மச்சி!' அதானே? உடனே ஒருத்தி மொபைலை நீட்டுவா. மரத்து மேல ஒரு குட்டி வீடு, சுத்தி பனி, கையில காபி. 'ட்ரீ ஹவுஸ்ப்பா... லைஃப்ல ஒரு நைட்டாவது தங்கணும்!'

ஆசை தப்பில்லை பாஸ். புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்க.

மரத்துல வீட்டைத் தொங்கவிடுறதை ஏதோ ஃபாரின் ஐடியான்னு நினைக்காதீங்க. களையெடுக்கப் போற அம்மா, வரப்போர வேப்பமரக் கிளையில பழைய சேலையைக் கட்டி, உங்களை (சரி, உங்க அப்பாவை!) அதுல போட்டுட்டுப் போவாங்களே... தூளி! பூச்சி பொட்டு அண்டாது, காத்து தாலாட்டும், மரத்துக்கு ஒரு கீறல் விழாது. சேலையூர்க்காரங்களுக்குச் சேலைத் தூளியைப் பத்திச் சொல்லணுமா என்ன? (கடிக்கு மன்னிக்க!)

இதே டெக்னிக்கைத்தான் கனடாவோட வான்கூவர் தீவுல டாம் சட்லி பெரிய சைஸ்ல செஞ்சு காட்டினார். படகு கட்டுற மாதிரி மெல்லிய மரச்சட்டங்களை வளைச்சு ஒட்டி ஓர் உருண்டை. ஒண்ணோட குறுக்களவு 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. உள்ளே படுக்கை, வட்ட ஜன்னல். அதைக் காட்டுக்குள்ள மூணு மரங்களுக்கு நடுவுல கயிறு கட்டித் தொங்கவிட்டார். நீங்க உள்ளே புரண்டு படுத்தா வீடும் லேசா ஆடும்.

ஏன் கயிறு? ஆணி அடிச்சா முடிஞ்சதேன்னு கேப்பீங்க. காத்து அடிக்கும்போது ரெண்டு மரம் ஒரே மாதிரி ஆடுறதில்லை. ஒண்ணு இப்படிப் போனா இன்னொண்ணு அப்படிப் போகும். ரெண்டையும் ஒரே பலகையில இறுக்கினா, ஒண்ணு பலகை உடையும், இல்லைன்னா மரம் கிழியும். கயிறுன்னா விட்டுக்கொடுக்கும். அதுக்காக கம்பியை வச்சு முறுக்கவும் கூடாது. பட்டைக்கு அடியில ஓர் அடுக்கு இருக்கு. இலை சமைச்ச சாப்பாடு வேருக்குப் போற பைப்லைன் அதுதான். மரம் பருக்கப் பருக்க கம்பி உள்ளே இறங்கி, பைப்லைன் கட். வேர் பட்டினி! ரோட்டோர மரத்துல டியூஷன் சென்டர் தட்டி கட்டுறவங்களுக்கு இதை யாராவது சொல்லுங்களேன்.

'அப்போ நம்ம எம்.சி.சி. காட்டுலயே ஒண்ணு தொங்கவிடலாமே?'ன்னு கிளம்பிடாதீங்க. 1937-ல காலேஜ் தாம்பரத்துக்கு வந்தப்போ இது சேலையூர் காட்டு நிலம். கெமிஸ்ட்ரி புரொபசர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் பாத்துப் பாத்து மரம் வளர்த்த இடம். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் வந்தப்போ இந்த ஏரியா மரங்கள் பட்ட பாடு தெரியும்ல? தனியா நிக்கவே திணறுற நேரத்துல, மரத்து மேல வீடுங்கிறது புயலுக்கு விரிச்சு வச்ச பாய். கடலோர ஊருக்கு அது வேண்டாம்.

மலைக்கே போவோம். அகத்தியமலைப் பக்கத்துக் காணிக்காரர்கள் ரொம்ப காலம் முன்னாடியே மரத்து மேல வீடு கட்டினவங்க. பேர், ஏறுமாடம். ஏணி எது தெரியுமா? ஒத்தை மூங்கில். கணுவுல இருக்கிற கிளைகளை ஒட்ட வெட்டாம கொஞ்சம் விட்டு வெட்டினா, அதான் படி! இது வியூ பாக்கக் கட்டினது இல்லை. ராத்திரி யானை வரும், அதுக்கு வழி விடணும்னு மனுஷன் மேல ஏறிப் படுத்துக்கிட்டான். கீழே இருக்கிற தரை யானையோடது. அவ்வளவுதான் டீல்.

இன்னிக்கு அந்த டீல் தலைகீழ். முதுமலையை ஒட்டின சீகூர் பீடபூமி, மேற்கு மலைத் தொடருக்கும் கிழக்கு மலைத் தொடருக்கும் நடுவுல யானைகள் நடக்கிற பாதை. அதுல ரிசார்ட்டும் வேலியுமா முளைச்சு, கேஸ் நடந்து, 2011-ல சென்னை ஹைகோர்ட் காலி பண்ணச் சொல்லுச்சு. 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. மூணே மாசம்... 2021 ஜனவரியில, மசினகுடியில தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானை மேல தீயைக் கொளுத்தி வீசினாங்க. காது வெந்து போன அந்த யானை கொஞ்ச நாள்ல செத்துப் போச்சு. வீடியோ பாத்தவங்களுக்கு அன்னிக்குச் சோறு இறங்கியிருக்காது.

ஸ்வீடன்ல ஹாராட்ஸ்னு ஓர் ஊர். அங்கே 2010-ல ஒரு பைன் மரத்தைச் சுத்தி, பக்கத்துக்கு 4 மீட்டர்ல கண்ணாடிப் பெட்டி ஒண்ணு கட்டினாங்க. கண்ணாடியில காடு தெரியுதுன்னு பறவை வந்து மோதிடக்கூடாதே? அதுங்க கண்ணுக்கு மட்டும் தெரியிற ஒரு ஃபிலிமை ஒட்டினாங்க. மனசு இருந்தா மூளை தானா வேலை செய்யும்!

அதனால புக் பண்ணும்போது ரேட்டைப் பேரம் பேசுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. வீடு நிக்கிறது மரத்துலயா, கான்கிரீட் தூண்லயா? ராத்திரி லைட், ஸ்பீக்கர் எத்தனை மணிக்கு ஆஃப்? கீழே வேலி உண்டா? 'ஆமா சார், கரன்ட் வேலி, யானையெல்லாம் கிட்ட வராது, பயப்படாம வாங்க!'ன்னு பதில் வந்தா, போனை வச்சிட்டு டீக்கடைக்கே திரும்பிடுங்க.